ஒரு நாளைக்கு ஆறு வேட்டி

1

இந்தக் குளிர்காலத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடம் முடிந்தது. நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கேக் வெட்டினார்கள், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். மேலாளர் அம்மாள், 'பத்து ஆண்டில் நான் கற்றது' என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டார். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் புதிதாக வருகிற நர்ஸ்களுக்கு உற்சாகமாக இருக்குமாம். மூன்று வாரமாக எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். எழுதினால் உண்மையை எழுத வேண்டும். அதை இங்கிலீஷில் எழுதி அந்தப் பலகையில் ஒட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எங்கள் ஊர்க் கீரமங்கலம் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் வேலை வயதானவர்களை மதிப்பிடுவது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அதற்கு ரொம்பத் தூரமும் இல்லை. புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால், அன்றைக்கே அவரைத் தலை முதல் குதிகால் வரை பார்த்து எழுதிவிட வேண்டும். நடக்கும்போது தள்ளாடுகிறாரா, சோறு தொண்டையில் இறங்குகிறதா, எடை குறைந்திருக்கிறதா, முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா, இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிகிறதா. அப்புறம் மாதம் ஒரு முறை, எதுவும் மாறினால் உடனடியாக. கூச்சத்துக்கு இதில் இடமே கிடையாது. ஒண்ணுக்குப் போனீர்களா, எத்தனை தடவை, தங்குதடையில்லாமல் போனதா, எரிச்சல் இருந்ததா என்று காலைக் காப்பி கேட்பது போலக் கேட்க வேண்டும்.

வந்த புதிதில், முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம், நம் ஊர் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் 'மோஷன் பாஸ் பண்ணினீர்களா' என்று கேட்டுவிட்டேன். அவர் முப்பது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவர். அவருக்கு அந்தச் சொல் சங்கக் கூட்டத்துத் தீர்மானம். எந்தத் தீர்மானம், முன்மொழிந்தது யார் என்று என்னையே திருப்பிக் கேட்டார். சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. நானும் கூடச் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதேன். மறுநாள் இங்கத்து ஆட்கள் வீட்டில் சொல்கிற சொல்லைக் கற்றுக்கொண்டு வந்து கேட்டேன். அன்றிலிருந்து இன்று வரை எத்தனை ஆயிரம் தடவை இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டிருப்பேன் என்று தெரியாது. என்னைப் பெற்ற அப்பாவிடம் மட்டும் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

2

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்தார். பாதி ஆயுசை மீமிசல் ரூட்டில் ஓட்டித் தீர்த்தவர். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டே இருப்பது அவருக்குப் பழகிப் போனது. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. கீரமங்கலத்துக்கு வெளியே எங்கள் வீட்டில் இப்போது அப்பாவும், தம்பி முருகேசனும், அவன் மனைவி கவிதாவும், பள்ளிக்கூடம் போகிற அவர்கள் பிள்ளைகள் இரண்டும். முருகேசன் கட்டுமாவடியிலிருந்து கேரளாவுக்கு மீன் லாரி ஓட்டுகிறான். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டான்.

கவிதா எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு வருடம். அப்பா இருக்கிற அறையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காப்பியை அவர் கையில் கொடுக்க மாட்டாள், ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் பேரனைக் கூப்பிடுகிற சாக்கில் அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். சண்டையோ மனத்தாங்கலோ இல்லை, அது மரியாதை. மாமனாரும் மருமகளும் இப்படித்தான் இருப்பார்கள் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகவே பட்டதில்லை.

போன தடவை லீவில் வந்தபோது, அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் கட்டிவைத்தேன். சுவரில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை என்று இல்லத்தில் படித்த பாடத்தையெல்லாம் அதில் காட்டினேன். அதை அடுப்படிக்கு ஒட்டிக் கட்டியதுதான் தப்பு. அப்பா ஒரு நாள் கூட அதில் நுழையவில்லை. உள்ளே போகிற சத்தம் அடுப்படியில் நிற்கிற பிள்ளைக்குக் கேட்குமாம், கவிதாவைத்தான் அப்படிச் சொன்னார். கொல்லைக் கடைசியில், தென்னைகளைத் தாண்டி இருக்கும் பழைய கக்கூசுக்கே போய் வந்தார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார், அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவரை இங்கேயே கூட்டிவந்துவிடலாம் என்றும் பார்த்தேன். வக்கீல் ஒருவர் விதியை எடுத்துச் சொன்னார். குளிக்க, உடுத்த, சாப்பிட ஒருவர் துணையில்லாமல் முடியாத நிலையில் அவர் இருக்க வேண்டும், அந்தத் துணையைச் செய்ய அந்த நாட்டில் யாரும் இருக்கக் கூடாது. உங்கள் தம்பி மனைவி இருக்கிறாரே என்றார். அந்த விண்ணப்பத்தைப் பொறுத்தவரை கவிதா ஒரு தடை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவள் மேல் எரிச்சல்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கால் மணி நேரம் வீடியோவில் பேசுவோம். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, மழை உண்டா. என் மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. தாத்தாவிடம் பேச அவளிடம் ஆறு வாக்கியம் இருக்கிறது, அதை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாவதாக ஒன்று சொன்னாள். "தாத்தா ஏன்மா எப்பப் பாத்தாலும் டாய்லெட் போறாங்க? இந்த வீடியோ கால்லயே த்ரீ டைம்ஸ்." பெரியவர்களைப் பற்றி அப்படிப் பேசக் கூடாது என்று அதட்டினேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தமிழும் போகிறது, மரியாதையும் போகிறது என்று நான் அன்று முழுக்கப் புலம்பினேன்.

அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, அப்பா எழுந்து போன பிறகு கவிதா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தாள். மழையைச் சொன்னாள், மல்லிகைப்பூ விலை ஏறியதைச் சொன்னாள், பிள்ளைகள் பரீட்சையைச் சொன்னாள். போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது, "அண்ணி, மாமாவுக்கு இப்பல்லாம் ஒரு நாளைக்கு ஆறு வேட்டி விழுதுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. துவைக்க அலுத்துக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நான் இங்கே முன்பின் தெரியாதவர்களுக்கு எவ்வளவோ செய்கிறேன், இவளுக்கு ஆறு வேட்டி பாரமாகப் போய்விட்டதா என்று உள்ளுக்குள் பொங்கினேன். பத்தே நாளில் அறந்தாங்கிக் கடையில் சொல்லி ஒரு வாஷிங் மெஷினை வீட்டில் இறக்கினேன். இனிமேல் சிரமம் இருக்காதே என்று குத்தலாகவும் ஒரு வார்த்தை கேட்டேன். இல்லைங்க அண்ணி என்றாள். அதன் பிறகு வேட்டிப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

எங்கள் இல்லத்தில் ஒரு உதவியாளர் வந்து, இன்னார் இன்றைக்கு ஆறு தடவை உடை மாற்றியிருக்கிறார் என்று சொன்னால், நான் மெஷின் வாங்க ஓட மாட்டேன். போய் அவர் வயிற்றைப் பார்ப்பேன்.

3

பொங்கல் முடிந்த மறு வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை நேரத்தில் போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பத்தே முக்காலுக்கு டீ குடிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். கவிதா பதினான்கு தடவை கூப்பிட்டிருந்தாள். அப்போது ஊரில் சாயங்காலம் நாலேகால்.

கூப்பிட்டதும், அவள் குரலுக்கு முன்னால் அப்பாவின் சத்தம்தான் கேட்டது. படிக்கட்டில் தொங்காதே, உள்ளே ஏறு என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா பஸ் ஓட்டுறாங்க அண்ணி" என்றாள் கவிதா.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே பேச்சு தடம் மாறியிருக்கிறது. காலையில் பேரனையே யார் என்று கேட்டிருக்கிறார். மத்தியானத்திலிருந்து கட்டிலில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், இல்லாத கண்டக்டரைத் திட்டுகிறார். கிட்டே போனவர்களைப் பிடித்துத் தள்ளுகிறார். முருகேசன் கேரளாவில் எங்கேயோ மலைப்பாதையில் இருக்கிறான், போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் பெரியப்பா மகன் தங்கராசு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது, மூளை கலங்கிவிட்டது, இது இப்படித்தான் இருக்கும் என்று முடிவு சொல்லிவிட்டார். ஊசி போடுகிற ஒருவரை வரச் சொல்லியிருக்கிறார். ஐந்து மணிக்கு வந்து தூங்குவதற்கு ஒரு ஊசி போடுவார், காலையில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவையும் கவிதா ஒரே மூச்சில் சொன்னாள்.

ஐந்து மணிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நான் துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வாயில் நர்ஸ் குரல் வந்துவிட்டது, அது பத்து வருடப் பழக்கம். நேற்று வரை நன்றாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பினால் அது வயசு இல்லை. வயசு அப்படி ஒரே நாளில் வராது. உள்ளே ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

காய்ச்சல் இல்லை. கீழே விழவில்லை. வாய் கோணவில்லை. கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கத் தேவையே இல்லை, இரண்டு கையாலும்தான் பஸ்ஸை வளைத்துக்கொண்டிருந்தாரே. சர்க்கரை எப்போதும் கிடையாது. புதிதாக ஏதும் மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டேன். மூன்று நாளாகச் சளி, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, போட்டால் தூக்கமாக வரும் என்றாள்.

ஒண்ணுக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். அப்பாவைப் பற்றி அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"அது போயிக்கிட்டேதான் இருக்குங்க அண்ணி. நேத்துலருந்து பதினோரு வேட்டி."

இதை நான் புரியும்படி சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இது நடக்கும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி வீங்கி வழியை நெருக்கும். சில சளி மாத்திரைகள் மிச்சமிருக்கிற வழியையும் அடைத்துவிடும். பை நிரம்பிக்கொண்டே போகும். இடமில்லாமல் போன பிறகு சொட்டுச் சொட்டாக வெளியே வழியும். வேட்டி நனையும். பார்க்கிறவர்கள் நிறையப் போகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் போகவே இல்லை. அது கிட்னியை அடிக்கும், மூளையைக் குழப்பும். அந்த நேரத்தில் தூக்க ஊசி போட்டால் ஆள் அடங்கிவிடுவார், நன்றாகத் தூங்குகிறார் என்று வீடும் அடங்கிவிடும். அப்படித் தூங்கினால் அவர் எழுந்திருக்காமலே போகலாம்.

அப்படியானால் அந்த ஆறு வேட்டி. துணி அடுக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். கவிதா இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே நோயைச் சொல்லியிருக்கிறாள். மருமகள் மாமனாரைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லியிருக்கிறாள். நர்ஸ் நான்தான் மெஷின் அனுப்பினேன்.

4

சந்தேகம் தீர ஒன்றுதான் வழி. தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பார்க்க வேண்டும். தங்கராசு அண்ணனை வைக்கச் சொன்னேன். அவர் வாசலில் நின்றபடியே, ஒரு தடவை தள்ளிவிட்டது போதும், நான் கிட்டப் போக மாட்டேன் என்றார். ஊரில் இருந்து பார்க்கிற எங்களுக்குத் தெரியாதது வெளிநாட்டில் இருக்கிற உனக்குத் தெரிந்துவிட்டதா என்றும் கேட்டார்.

இருந்தது கவிதா மட்டும்தான்.

"கவிதா, அப்பா வேட்டியக் கொஞ்சம் தளத்தி, அடிவயித்துல கைய வச்சு அமுக்கிப் பாரு" என்றேன்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், அறுந்துபோகவில்லை.

"நானா அண்ணி?"

நான் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த நாட்டில் அது ஒரு வரி, படிவத்தில் ஒரு கட்டம். அவளுக்கு அது பதினோரு வருடமாகக் காப்பாற்றிய ஒன்று. நாளைக்கு இது தெருவில் பேச்சாகும், முருகேசன் என்ன சொல்வான், அப்பா தெளிந்த பிறகு என்ன ஆகும், எதையும் யோசிக்க நேரமில்லை. நீதான்த்தா, வேற ஆள் இல்லை என்றேன். வெளியே தாழ்வாரத்தில் யாரோ ஒரு பெரியவரின் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று என்னோடு வேலையில் இருந்த மேரியன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் மணியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

கவிதா போனை ஸ்டூலில் சாய்த்து வைத்தாள். கட்டிலில் பாதி தெரிந்தது, மேலே மின்விசிறி தெரிந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அப்பா திரும்பி, ஓடுகிற வண்டியில் யாரும்மா எழுந்து நிற்பது என்று கத்தினார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக நின்றாள். "அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கணும்ணே. வண்டியக் கொஞ்சம் நிப்பாட்டுங்க."

அவரிடம் அவள் நேருக்கு நேர் பேசியதை நான் முதல் தடவையாகக் கேட்டேன், அதுவும் அண்ணே என்று. அப்பா வலது காலை ஊன்றிப் பிரேக் போட்டார். கியரைத் தள்ளினார். சீக்கிரம் இறங்கு என்றார். டீ குடிக்கிற நேரம்தானே, கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள் என்று அவள் தோளைப் பிடித்துச் சாய்த்தாள். ஆள்மாறாட்டம் புரியாமல் அவரும் சாய்ந்தார். எங்கள் இல்லத்தில் இதைச் செய்யச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறார்கள்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கை மட்டும் இறங்கியது. அப்பா போட்ட அலறல் அறை முழுக்க நிறைந்தது. தங்கராசு அண்ணன் வெளியிலிருந்து கதவைத் தட்டினார்.

"மட்டைய உரிச்ச தேங்கா கணக்கா கெட்டியா இருக்குங்க அண்ணி" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "தொப்புளு வரைக்கும் ஏறி நிக்குது." கையை இன்னும் எடுக்கவில்லை.

எடுத்துக்கொள் என்றேன். உடனே 108-ஐக் கூப்பிடு, மூத்திரம் அடைத்திருக்கிறது, சளி மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், டியூப் போட வேண்டும் என்று இந்த மூன்றையும் சொல்லு, மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள். அவள் காலண்டர் தாளைக் கிழித்து எழுதி, எதிர்வீட்டில் காட்டிப் போன் பண்ணச் சொல்லி மகனிடம் கொடுத்தாள். அவன் ஓடுவதற்குள் வாசலில் மோட்டார்பைக் சத்தம். ஊசிக்காரர் நேரத்துக்கு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் எனக்கு எதுவும் தெரியவில்லை, கேட்டது மட்டும்தான். தங்கராசு அண்ணன் போட்டுவிடலாம் என்கிறார். வந்தவர் பெட்டியைத் திறக்கிறார். கவிதா ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், எங்க மாமாவுக்கு ஊசி வேணாங்க. பொம்பளை பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு உயிரோடு விளையாடுவதா என்று யாரோ கேட்டார்கள். அவள் அறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாளாம். மாமனார் இருக்கும் அறையில், அவர் கண் முன்னால்.

5

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவர்கள் ஏறிய பிறகு போன் அணைந்துவிட்டது, சார்ஜ் இல்லை. நான் வேலைக்குத் திரும்பினேன். இன்றைக்கு மாத்திரை வண்டியைத் தொட வேண்டாம் என்று மேரியன் வாங்கிக்கொண்டாள். அலுவலகத்துக்குப் போய் அவசர விடுப்புப் படிவம் கேட்டேன். உங்களைச் சார்ந்திருப்பவரா, ஒரே வீட்டில் வசிக்கிறாரா, பராமரிப்பவர் யார். முதல் கேள்விக்கு ஆம் என்று போட்டேன். இரண்டாவதில் இல்லை என்று போட வேண்டியதாயிற்று. அப்படியானால் இந்தப் படிவம் பொருந்தாது, வேறு படிவம் இருக்கிறது என்று அங்கே இருந்த பெண் மிகவும் வருத்தத்தோடு சொன்னாள். அதில் கிடைக்கிற இரண்டு நாளில் திருச்சியில் இறங்கி, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி ஏற வேண்டியதுதான்.

மணி பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று. ஒரு மூதாட்டிக்குச் சூப் ஊட்டினேன். வாயைத் துடைத்தேன். நன்றி அன்பே என்றாள். என் அப்பாவுக்கு அந்த நேரத்தில் யார் வாயைத் துடைக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள் பாவம்.

ஒன்றரை மணிக்கு வேறு யாருடைய போனிலிருந்தோ கவிதாவின் குரல் பதிவு வந்தது. "டியூப் போட்டுட்டாங்க அண்ணி. ஒண்ணரை லிட்டருக்கு மேல வந்துச்சாம். இன்னைக்கு விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. ரத்தம் எடுத்துருக்காங்க. மாமா தூங்குறாங்க. தானாத் தூங்குறாங்க."

வீட்டுக்கு வந்து யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், நான் அப்பவே சொன்னேனே என்று இங்கிலீஷில் சொன்னாள். வம்புக்குச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்தினாள். ஆமாம் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். என்னிடமிருந்து அதை எதிர்பார்க்காமல் அவள் சங்கடப்பட்டுக்கொண்டு ரொட்டி சுடப் போனாள்.

6

மறுநாளே அப்பாவுக்குத் தெளிவு வந்துவிட்டது. கிழமை சொன்னார், பேரன் பெயர் சொன்னார். நாலாம் நாள், டியூபும் பையுமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்து டியூபை எடுக்க வேண்டும். முருகேசன் வந்து சேர்ந்துவிட்டான். ஆபத்து நீங்கியது என்று நான் நினைத்தேன், அதுவும் அவசரக் கணக்கு.

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. குழப்பத்தில் நடந்தது மறந்துபோகும் என்று நாம் நினைக்கிறோம். பாதி மறப்பதில்லை. முருகேசன் வீட்டில் இருந்தவரை அவன் பையைக் காலி செய்தான். சனிக்கிழமை அவன் லாரியில் ஏறியதும் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கவிதா வைத்த சோறு ஆறிப்போய்த் திரும்பியது. பையை யாருக்கும் காட்டாமல் அவரே காலி செய்யப் பார்த்து, குழாய் இழுபட்டு ரத்தம் வந்தது. பை நிரம்பக் கூடாது என்பதற்காக ஒரு நாளைக்கு அரை டம்ளர் தண்ணீர்தான். கிருமி ஏறினால் மறுபடியும் அதே பஸ், அதே கட்டில். இந்தத் தடவை இன்னும் மோசமாகப் போகும் என்று எனக்குத் தெரியும்.

நான் கூப்பிட்டபோது, என்னைப் பார்க்காமலே பேசினார். "ஆத்தா, நீ வேல பாக்குறியே, அந்த மாதிரி எடம் திருச்சிப் பக்கம் இருந்தா என்னையக் கொண்டுபோயி விட்டுருங்க."

ஏன்ப்பா என்றேன், தெரிந்துகொண்டே.

"அந்தப் பிள்ளை மொகத்துல நான் எப்படித்தா முழிக்கிறது?"

எத்தனையோ பேரை இல்லத்தில் சேர்த்து, முதல் நாள் மதிப்பீட்டை எழுதியவள் நான். எதனால் வந்தார்கள் என்று ஒரு கட்டம் உண்டு. விழுந்துவிட்டார், மறதி, வீட்டில் ஆளில்லை என்று போடுவேன். கூச்சம் என்று எழுத அதில் இடம் கிடையாது. அப்பாவிடம், பார்க்கலாம்ப்பா என்று கோழைத்தனமாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்துக் கவிதாவைக் கூப்பிட்டு, அப்பா இப்படிக் கேட்கிறார் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் போனோடு எழுந்து போனாள். நடக்கிற சத்தம் கேட்டது, அப்பா அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, எங்கள் தெருவுக்கே கேட்கிற குரலில் பேசினாள். என்னிடம் பேசுவது போலத்தான் பேசினாள்.

"அண்ணி, பதினோரு வருசமா அவுங்க வேட்டியத் தொவைக்கிறவ நான். எனக்குத் தெரியாத எதப் புதுசாப் பாத்துட்டேனாம்? ஹோமுல போயி இருந்தா, அங்க தொவைக்கிறவ மட்டும் யாரு, அவுங்க பெத்த மகளா?"

அது அப்பாவுக்குச் சொன்னது. எனக்கும் சேர்த்துத்தான் பட்டது. பட வேண்டிய இடத்தில்தான் பட்டது. நான் இங்கே தினமும் யாரோ பெற்ற மகளுக்குப் பதிலாக நின்றுகொண்டிருக்கிறேன், அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். அவள் சம்பளமில்லாமல் எனக்குப் பதிலாக நிற்கிறாள். இதை நான் அவளுக்கு ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அன்று சொல்ல வாயெடுத்தேன். அவள், அடுப்பில் சோறு இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஒரு சின்னச் செய்தி வந்தது. மாமா ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சாங்க, பையில எழுநூறு மில்லி. அடுத்த நாள் ஆயிரத்து இருநூறு. நான் எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நேரம் போட்டு, அளவு போட்டு, நிறம் போட்டு அனுப்பினாள். எங்கள் இல்லத்தில் இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். பையை யார் காலி செய்தது என்று நான் கேட்கவில்லை.

7

டியூபை எடுக்கிற நாள் வந்தது. எடுத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் தானாகப் போக வேண்டும். போகாவிட்டால் மறுபடியும் டியூப், ஒருவேளை ஆபரேஷன். அன்று எனக்கு வேலை இல்லை. காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். அன்று ஒரு தீர்மானமும் செய்திருந்தேன். இந்தத் தடவை கவிதாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு விசாரிக்கப் போவதில்லை. இங்கே இருக்கிற எல்லாக் கிழவர்களிடமும் கேட்கிறவள், என் அப்பாவிடம் நானே கேட்பேன்.

ஊரில் மூன்று மணி ஆனதும் கூப்பிட்டேன். அப்பாவே எடுத்தார். முகம் தெளிவாக இருந்தது, சவரம் செய்திருந்தார். மழை உண்டா, சாப்பிட்டீர்களா என்று எதுவும் கேட்காமல் நேராக வந்தேன்.

"அப்பா, டியூப் எடுத்ததுக்கப்புறம் ஒண்ணுக்குப் போனீங்களா? எத்தனை தடவை?"

கேட்டுவிட்டேன். பத்து வயதில் அவரிடம் புதுச் செருப்புக் கேட்டுவிட்டு நின்ற மாதிரி நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, கூச்சம் கூட அவ்வளவாக இல்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"அதெல்லாம் கவிதாட்ட சொல்லிட்டேன்த்தா. நீ அதுட்டயே கேட்டுக்க."

போன் கை மாறியது. கவிதா, "மூணு தடவை போயிட்டாங்க அண்ணி. நல்லாவே போகுதாம், எரிச்சல் இல்லையாம்" என்றாள். நிம்மதியாத்தா என்று அப்பா பின்னாலிருந்து கேட்டார். நிம்மதிப்பா என்றேன்.

நிம்மதிதான், பொய் இல்லை. போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன், அதுவும் பொய் இல்லை. அழுதது பொறாமையில். மகளாக நான் செய்யாமல் வைத்திருந்த ஒரு வேலையைக் கடைசியில் செய்யப் போனால், அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. இனிமேல் என் அப்பாவின் உடம்பைப் பற்றி எது தெரிய வேண்டுமென்றாலும் நான் கவிதாவிடம்தான் கேட்க வேண்டும். அவள் சொல்வாள். அவள் முன்பும் சொன்னவள்தான்.